எட்டாவது கட்டம்

பதிவு 1. நிலைய நாள் 403. நேரம் 00:50

இவ்வளவு ராத்திரியில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு விளக்கு சிவப்பாகிவிடுகிறது. இந்தக் குறிப்பு அவசர அலைவரிசையில் போகிறது. யார் முதலில் எடுக்கிறீர்களோ உங்களுக்குத்தான்.

இடம்: வெண்பள்ளம் பனிச்சுரங்க நிலையம், நிலவின் தென்முனை. ஆட்கள் மூன்று பேர். நான் பியூலா, வயது இருபத்தேழு, கணினிப் பொறுப்பு. என் கணவர் எட்வின், காற்றுப் பொறியாளர். எங்கள் மகள் ஹெப்சி, பதின்மூன்று மாதம். சுரங்கக் குழு போன மாதமே பூமிக்குத் திரும்பிவிட்டது. அடுத்த குழு வரும்வரை காவலுக்கு நாங்கள்.

நேற்று 16:30க்கு நடுப்பாதையில் குளிர்விக்கும் குழாய் வெடித்தது. அம்மோனியா. பாதையின் இரண்டு கதவுகளும் தாமாக மூடிக்கொண்டன. நான் இந்தப் பக்கம், மேலே கட்டுப்பாட்டு அறையில். எட்வினும் ஹெப்சியும் அந்தப் பக்கம், கீழே விதை அறையில். கடுகு முளைத்திருக்கிறது, பிள்ளைக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார். பால்மாவும் பாட்டிலும் வைத்த பை அவர் தோளில் இருந்தது. அது ஒன்றுதான் நல்ல காலம்.

விதை அறை நான்கு ஆட்டோ நிறுத்துகிற அளவு. அங்கே பாதுகாப்பு உடை கிடையாது. தொலைபேசிக் கம்பி, கீழ் அறையின் அளவிகள், பூமியோடு பேசும் பெரிய ஆன்டெனாவுக்குப் போகிற கம்பி எல்லாம் நடுப்பாதையில் கருகிவிட்டன. தப்பியது ஒரே ஒரு மெல்லிய கம்பி. விதை அறையில் ஒரு பழைய முனையத் திரை இருக்கிறது. எட்வின் அதில் தட்டினால் இங்கே என் திரையில் வருகிறது. நான் தட்டினால் அங்கே தெரிகிறது.

அவர்களுக்குக் காற்று தனிக்குழாயில் போகிறது. என் அறைக் காற்றை இழுத்துக் கீழே தள்ளும் விசிறியின் பொத்தான் என் மேசையில் மட்டுமே உண்டு. குழாயின் இந்த முனையில் ஓர் அம்மோனியா அளவி. வெடித்த பிறகு 22 காட்டியது. ஐம்பதுவரை பொறுக்கலாம். எனக்குப் பயம். காற்றை மூடட்டுமா என்று 18:02க்குக் கேட்டேன். 18:09க்குப் பதில்:

"மூட வேண்டும்."

18:10க்கு விசிறியை நிறுத்தினேன். காற்று அவருடைய பாடம். அவர் சொன்னால் சரி.

21:40க்கு இன்னொரு செய்தி: "தலை வலி. ஹெப்சி பால் குடிக்கிறாள்."

பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பி, கையால் தட்டிவிட்டு, என் சட்டையைப் பிடித்து இழுக்கிறவள். நான் இல்லையென்றதும் குடிக்கிறாளாம். சிரித்தேன், கொஞ்சம் பொறாமையும் வந்தது. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது. படுக்கப் போகிறேன்.

பதிவு 2. நாள் 403. நேரம் 07:30

விசிறி: நிறுத்தம். நடுப்பாதை அம்மோனியா: 900. கதவு 300க்குக் கீழே வந்தால்தான் திறக்கும்.

06:12க்குக் கீழேயிருந்து: "தூக்கம் வருகிறது." ராத்திரி முழுக்கப் பிள்ளையோடு மல்லுக்கட்டியிருப்பார். தூங்கட்டும் என்று நானும் எதுவும் தட்டவில்லை.

இங்கே நாற்றம் தாங்கவில்லை. கதவு இடுக்கு வழியாக அம்மோனியா லேசாகக் கசிகிறது. பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிட வாசலில் நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அதோடு ஹெப்சியின் நேற்றைய துணிகள் வாளியில். அலசலாம் என்றால் தண்ணீர்க் கணக்கு இடிக்கிறது.

இன்னொன்றும் எழுதுகிறேன், கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது. பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகக் கிடக்கிறது. ஒரு அளவுக் கோப்பையில் பீய்ச்சிக் கழிவுத் துளையில் ஊற்றினேன். இங்கே கழிவு எதுவும் வீணாவதில்லை, சுத்திகரிப்பு எந்திரம் மத்தியானத்துக்குள் அதைக் குடிதண்ணீராக்கிக் குழாயில் திருப்பித் தரும். என் பாலை என் பிள்ளை குடிக்கவில்லை. நான் குடிக்கிறேன். 

பதிவு 3. நாள் 403. நேரம் 14:20

கருந்தரை நிலையத்திலிருந்து குறுந்தூர வானொலியில் அருணகிரி அண்ணாச்சி வந்தார். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர், எங்களுக்குப் பக்கத்து வீடு அவர்தான். குழாய் வெடித்ததும் வடிகட்டிக்கு வேண்டிய கரியை எழுத்துச் செய்தியில் அவரிடம் கேட்டிருந்தேன். அவருக்கு இன்றுதான் கிடைத்ததாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏம்மா பியூலா, அவசரம்னு போட்டு, கரி, பன்னிரண்டு முட்டைன்னு அனுப்பியிருக்கியே. நிலாவுல கோழிக்கு நான் எங்க போவேன்? கரி எதுக்கு, ஆம்லெட் போடவா?"

நான் தட்டியது மூட்டை. என் திரையில் இப்போதும் மூட்டை என்றுதான் இருக்கிறது. அவருக்குப் போனது முட்டை.

விபத்தைச் சொன்னதும் கேலி நின்றுவிட்டது. உடனே வண்டி எடுப்பதாகச் சொன்னார்.

"ரெண்டு நாளு ஆவும்மா. பெரிய பள்ளத்துக்குள்ள இறங்கிட்டேன்னா ரேடியோ எடுக்காது. நீ பதறாத. வந்துருதேன்."

வானொலி அணைந்த பிறகும் அந்த முட்டை மண்டைக்குள் உருண்டுகொண்டே இருக்கிறது. எனக்கும் அவருக்கும் நடுவில் மனிதர்கள் இல்லை. ஒரு நிரல்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கப் போகிறேன்.

பதிவு 4. நாள் 403. நேரம் 16:05

பார்த்தேன். கணினி தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

நிலையத்தின் செய்தி நிரல் முப்பது வருடப் பழசு, சி மொழியில் எழுதியது. நாம் தட்டுவதை அது கோப்பில் சேமிப்பதில்லை. திரையில் ஒரு சாளரம் திறந்து, கட்டம் கட்டமாக வரைகிறது. அனுப்ப வேண்டிய நேரத்தில் அந்தச் சாளரத்தையே திருப்பி வாசித்து, வாசித்ததை அடுத்த திரைக்கோ வானொலிக்கோ கொடுக்கிறது. நாமே கரும்பலகையில் எழுதிவிட்டு, ஓர் ஆளை அனுப்பி அதைப் பார்த்து எழுதி வரச் சொல்வது போல.

பார்த்து எழுதுகிற ஆள் இங்கே 'இன்ச்' என்ற செயற்கூறு. அங்குலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இது ஏதோ சுருக்கப் பெயர். ஒரு கட்டத்தைக் காட்டினால் அதிலிருந்து ஒரே ஒரு குறியை எடுத்துத் தரும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ஒரே கட்டத்தில் 'டா' நின்றால் உள்ளே இரண்டு குறிகள் இருக்கின்றன, 'ட' ஒன்று, கால் ஒன்று. இன்ச் முதல் குறியை எடுத்துக்கொண்டு மற்றதைத் தரையில் போட்டுவிடுகிறது. கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் போச்சு. மூட்டை என்றாலும் 'மடட'. முட்டை என்றாலும் 'மடட'.

முழு எழுத்தையும் தரும் அகலச் செயற்கூறு, இன்ச் இருக்கும் அதே நிரல் நூலகத்தில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. ஒரே வரி மாற்றினால் போதும்.

முன்பு இது யாருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தோம். ஆறு மாதத்துக்கு முன் சுற்றறிக்கை வந்தது, இனி எல்லாம் தமிழ் எழுத்தில். விசைப்பலகைகளைக் கூட மாற்றினார்கள், படம் பிடித்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நிரலைத் தயார் செய்தவர் தலைமை அலுவலகத்தில் கோகுலகண்ணன் என்று ஒருவர். அவருக்குக் குறை தெரிந்திருக்கிறது. நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்:

"புள்ளி, கொம்பு எதுவும் வரல. டிக்‌ஷனரி வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

பண்ணியும் இருக்கிறார். இன்ச் தரும் எலும்புக்கூட்டை ஓர் அகராதியோடு ஒப்பிட்டு, மனிதர்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் எதுவோ அதைப் போட்டு நிரப்புகிறது. 'மடட' வந்தால் முட்டை. ஊகம் என்று ஓர் அடையாளம்கூட வைப்பதில்லை. ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கலாம். ஒரு கேள்விக்குறி. அந்த அகராதிக்குப் பேச்சுத் தமிழ் தெரியாது, அதனால்தான் சுற்றறிக்கையில் எழுத்துத் தமிழ் மட்டும், பேச்சு வழக்கைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி. மொழி மேல் உள்ள மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சோதனைக் கோப்பையும் பார்த்தேன். எதை வைத்துச் சோதித்திருக்கிறார்கள் தெரியுமா? அ, ஆ, இ, ஈ. அதில் தொடங்கி ஃ வரை. பதின்மூன்றும் தனி எழுத்து, ஒட்டுக்குறி ஒன்றுகூடக் கிடையாது. முடிவு: பதின்மூன்றுக்குப் பதின்மூன்று சரி. ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தைப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை.

கீழே கையெழுத்து: சரிபார்த்து ஏற்றுக்கொண்டேன், பியூலா, நிலையக் கணினிப் பொறுப்பு.

ஹெப்சிக்கு அப்போது ஏழு மாதம். இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் ஒப்புதல் போட்டது நினைவிருக்கிறது. கோப்பைத் திறந்தேனா என்று நினைவில்லை.

பதிவு 5. நாள் 403. நேரம் 17:05

ஊகிக்கும் பகுதியை அணைத்துவிட்டு எட்வின் அனுப்பியவற்றை மறுபடி வரவழைத்தேன். இன்ச் தந்தது இவ்வளவுதான்:

மட வணடம.

தல வல. ஹபச பல கடககறள.

தககம வரகறத.

முதல் வரியை வாய்விட்டு வாசித்தேன். மூட வேண்டும். மறுபடி வாசித்தேன். மூட வேண்டாம். இரண்டுக்கும் எலும்பு ஒன்றுதான். நடுவில் 'டு'வா 'டா'வா என்பதுதான் வித்தியாசம், அதைத் தரையில் போட்டுவிட்டார்கள்.

அவர் இஷ்டத்துக்குப் பேச்சில் எழுதியிருந்தால் பிழைத்திருப்போம். எங்கள் ஊரில் யாரும் 'வேண்டும்' என்று பேசுவதில்லை. 'வேணும்'தான். வேணும், வேண்டாம் இரண்டும் எலும்பாக வந்தாலும் வேறு வேறாகவே நின்றிருக்கும். எழுத்துத் தமிழில் எழுது என்று சட்டம் போட்டு இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால், இருபத்து மூன்று மணி நேரமாக நான்தான் அவர்கள் காற்றை அடைத்து வைத்திருக்கிறேன். விசிறி ஓடுவதும் நிற்பதும் கீழே கேட்காது. தன் சொல்லைக் கேட்டு ஓட விட்டிருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சின்ன அறையில் அவர்கள் விட்ட மூச்சையே அவர்கள் இழுத்துக்கொண்டு. தலை வலி. தூக்கம். ஒரு காற்றுப் பொறியாளரின் மனைவிக்கு இது உறைக்கவில்லை.

அப்புறம் அந்த இரண்டாவது வரி. 'பல கடககறள.' பால் குடிக்கிறாள். அல்லது

பல் கடிக்கிறாள்.

மேலே இரண்டு, கீழே நான்கு பல் இருக்கிறது அவளுக்கு. உடம்புக்கு முடியாமல் போனால் கடிப்பாள். காய்ச்சலில் ஒரு தடவை ராத்திரி முழுக்க நறநறவென்று. அகராதியைப் பொறுத்தவரை பிள்ளை என்றால் பால். நானும் சிரித்தேனே.

பதிவு 6. நாள் 403. நேரம் 17:20

உடனே விசிறியைப் போட வேண்டியதுதானே என்பீர்கள். கை பொத்தான் மேல்தான் இருக்கிறது.

அவர் உண்மையிலேயே 'மூட வேண்டும்' என்று எழுதியிருந்தால்? குழாய் நடுப்பாதைக் கூரை வழியாகப் போகிறது. அங்கே எங்காவது விரிசல் விட்டு, அவர் பக்கம் அம்மோனியா நாற்றம் வந்து, அதனால் மூடச் சொல்லியிருந்தால்? இப்போது நான் விசிறியைப் போட்டால் அவ்வளவையும் பிள்ளை முகத்தில் ஊதுவேன். அளவி என் பக்க முனையில் இருக்கிறது. விசிறி நின்றிருக்கும்போது அது சொல்வது எதற்கும் உதவாது.

17:09க்குக் கீழே தட்டினேன்: விசிறி நேற்று 18:10 முதல் நின்றிருக்கிறது. போட 1, வேண்டாம் என்றால் 2. எண் மட்டும் தட்டுங்கள். எண்ணுக்குக் கொம்பு இல்லை, புள்ளி இல்லை. எண்ணை இன்ச் கெடுக்க முடியாது. என் வரி அங்கே எலும்பாகப் போய்ச் சேர்ந்தாலும் எண்ணைப் பார்த்து அவர் ஊகித்துக்கொள்வார்.

17:12க்கு மறுபடி. 17:15க்கு மறுபடி. பதில் இல்லை.

ஒரு வழி இருக்கிறது. எழுத்தைத் தொலைப்பது வாசிக்கிறவன். எழுதியது தொலையவில்லை. விதை அறைத் திரையின் சாளரம் இந்த நிரலின் நினைவகத்தில் முழுசாக இருக்கிறது. கட்டத்துக்குக் கட்டம், காலோடும் கொம்போடும். நிரலை நிறுத்தித் திருத்தித் திரும்ப ஓட்டினால் சாளரம் அழிந்துவிடும். அதனால் உயிரோடு ஓடும்போதே பிழைதிருத்தியை, அதாவது நிரலின் உள்ளே பார்க்கும் கருவியை, அதன் மேல் மாட்டி, அகலச் செயற்கூறை நானே கையால் அழைத்து, ஒவ்வொரு கட்டமாகக் கேட்க வேண்டும். மாட்டியிருக்கும்போது நிரல் உறைந்து நிற்கும். மூன்று நிமிடம் உறைந்தால் காவல் நிரல் அதைக் கொன்று புதிதாகத் தொடங்கிவிடும். ஒரு வரி வாசித்து, விட்டு, மறுபடி மாட்ட வேண்டும். வாசிக்கும்போது, திரையில் எழுதும் இடத்தைக் காட்டும் முள்ளும் நகர்ந்துவிடும். பழைய இடத்தில் வைக்காவிட்டால் எட்வின் அடுத்துத் தட்டுவது பழைய வரியின் மேலேயே விழும்.

 தொடங்குகிறேன்.

பதிவு 7. நாள் 403. நேரம் 17:44

முதல் வரி.

மூ
ட
வெற்றிடம்
வே
ண்
டா
ம்

17:38க்கு விசிறியைப் போட்டேன். இருபத்து மூன்று மணி இருபத்தெட்டு நிமிடம்.

அளவி 26, 31, 29. எல்லைக்குள். ஐம்பதைத் தொடவே இல்லை. தொட்டிருக்கவும் மாட்டாது.

இரண்டாவது வரியும் வாசித்தேன். ப. ல். வெற்றிடம். 'க' மட்டும் இருந்தது. 'கு' இல்லை. 'டி' வரை போய் நிறுத்திக்கொண்டேன்.

வாந்தி எடுத்தேன். அதையும் துடைத்துக் கழிவுத் துளையில்தான் போட்டேன். அதுவும் நாளைக்குத் தண்ணீராகும்.

பதிவு 8. நாள் 403. நேரம் 20:30

கீழே அசைவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டுகிறேன். இருந்தால் 1. நடுப்பாதை 410, மெதுவாக இறங்குகிறது.

அளவி ஒரு தடவை 40ஐத் தொட்டு எச்சரிக்கை ஒலி கொடுத்தது. மெல்லிய கீச்சுச் சத்தம். சட்டை நனைந்துவிட்டது. ஓர் அளவியின் சத்தத்துக்குப் பால் சுரக்கிறது இந்த உடம்பு. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கோகுலகண்ணனை நான் பார்த்ததில்லை. கெட்டவராக இருக்க மாட்டார். மாலைக்குள் முடித்துவிடு என்று யாரோ நச்சரித்திருப்பார்கள். அவர் வீட்டிலும் பிள்ளை இருக்கலாம். அதெல்லாம் யோசித்துப் பார்த்தும் அந்த 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' தொண்டையில் முடி சிக்கிய மாதிரி நிற்கிறது. நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒப்புதல் போடும்போது மனசுக்குள் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும்.

எட்வினிடம் பேச வேண்டும். உங்கள் சொல் எனக்கு மாறி வந்தது என்று சொல்ல வேண்டும். அவர் கோபப்பட வேண்டும்.

பதிவு 9. நாள் 403. நேரம் 22:45

22:11க்கு வந்தது.

ஊகிக்கும் பகுதி அணைந்திருந்ததால் எலும்பாகவே வந்தது:

ந வர வணடம.

உயிரோடு இருக்கிறார். தட்டியிருக்கிறார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு வாசித்தேன்.

நீ வர வேண்டும். நீ வர வேண்டாம்.

பிழைதிருத்தியை மாட்டினேன். ஒன்பது கட்டம். எட்டாவது கட்டத்தை மட்டும் கேட்டால் போதும். 'டு'வா, 'டா'வா. ஒரே கேள்வி, பத்து விநாடி வேலை.

நான் முதலிலிருந்து வாசித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவரிடமிருந்து வந்த வரி, முதலிலிருந்துதான் வாசிக்கத் தோன்றியது. கடிதம் வந்தால் நடுவிலிருந்தா பிரிப்போம். முதல் கட்டம் 'நீ'. சுழியோடு முழுசாக வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன். வெற்றிடம். வ. ர. வெற்றிடம். வே. ண்.

எட்டாவதைக் கேட்கும்போது நிரல் இல்லை. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. காவல் நிரல் கொன்று, புதிதாகத் தொடங்கி, இரண்டு திரையையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தது.

அந்தக் கட்டம் இப்போது எங்கும் இல்லை.

உடனே தட்டினேன்: வர 1, வர வேண்டாம் 2. பிறகு செய்தி நிரலைத் திருத்தினேன். ஒரே வரி. நான்கு நிமிடம் ஆனது. இனி எது வந்தாலும் முழு எழுத்தாக வரும். எதுவும் வரவில்லை.

பதிவு 10. நாள் 403. நேரம் 23:50

ஒரு மணி நேரமாக யோசித்துவிட்டேன். மயக்கத்தில் இருக்கிறவர் சுற்றறிக்கையை நினைத்து எழுத்துத் தமிழில் எழுதுவாரா? பேசுகிற மாதிரி எழுதியிருந்தால் 'வேணும்' என்று வந்திருக்கும், வரவில்லை. அப்படியானால் அது 'வேண்டாம்'. வேண்டாம் என்றால், ஆபத்து, வராதே என்று அர்த்தமா, இனி வந்து பயனில்லை என்று அர்த்தமா. ஆறு மாதப் பழக்கத்தில் கை தானாக எழுத்துத் தமிழைத் தட்டியிருந்தால், அது 'வேண்டும்' ஆகவும் இருக்கலாம். வேண்டும் என்றால், பிள்ளை கேட்கிறாளா, அல்லது

விடுங்கள். எதுவாக இருந்தாலும் நான் போகிறேன். அதற்கு உங்கள் யோசனை கேட்கவில்லை.

நடுப்பாதை 23:31க்கு 290க்கு வந்தது. கதவு இனி திறக்கும். ஓர் உடை இருக்கிறது, போட்டுக்கொண்டேன். எட்வினுக்கு ஒரு முகமூடி, ஹெப்சியை உள்ளே வைத்து மூட ஓர் அவசர உயிர்ப்பை, காற்று உருளை இரண்டு, கையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

சிக்கல் இதுதான், கவனமாக வாசியுங்கள். நான் கதவைத் திறந்ததும் நடுப்பாதை அம்மோனியா இந்த அறைக்குள் வரும். விசிறி இந்த அறைக் காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. ஓட விட்டுப் போனால் விஷத்தை அனுப்புகிறேன். நிறுத்திவிட்டுப் போனால் மறுபடி அவர்கள் மூச்சை அடைக்கிறேன், கீழ்க் கதவு இறுகியிருந்தால் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. யாராவது அளவியைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி, போட வேண்டும். இங்கே வேறு ஆள் இல்லை. இதற்கும் ஒரு நிரல் எழுதலாம்தான், ஆனால் அவர்கள் மூச்சை இன்னொரு தடவை ஒரு நிரலின் கையில் கொடுக்க மாட்டேன். அண்ணாச்சி பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார், கூப்பிட்டால் இரைச்சல்தான் கேட்கிறது.

அதனால் விசிறியை அவசர அலைவரிசையோடு இணைத்துவிட்டேன். இந்தக் குறிப்போடு அளவியின் எண்ணும் விநாடிக்கு ஒரு முறை உங்களுக்கு வரும். எண் ஐம்பதைத் தாண்டினால் 2 என்று அனுப்புங்கள், விசிறி நிற்கும். ஐம்பதுக்குக் கீழே வந்ததும் 1 என்று அனுப்புங்கள், ஓடும். எழுத்து எதுவும் வேண்டாம், எண் மட்டும். இந்தக் குறிப்பைக் கோப்பிலிருந்து நேராக அனுப்புகிறேன், திரையிலிருந்து எடுக்கவில்லை. நீங்கள் வாசிப்பது நான் எழுதியதுதான்.

நீங்கள் யாரென்று தெரியாது. பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணைப் பார்த்து இன்னோர் எண்ணை அழுத்தத் தெரிந்தால் போதும். பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு அடையாளமாக 7 என்று அனுப்புங்கள். நான் கதவுக்குப் பக்கத்தில், திரை தெரிகிற மாதிரி நிற்கிறேன். 7 வந்த பிறகுதான் திறப்பேன். என் உடையில் ஐம்பது நிமிடக் காற்று இருக்கிறது, அதில் ஒன்பது நிமிடம் இதை எழுதியதில் போய்விட்டது.

கொஞ்சம் சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.